தேருக்கு முட்டுக்கட்டை, காருக்கு எண்ணெய்!

வைகாசியில் காஞ்சிபுரம் வரதர் தேரைப் பார்த்திருக்கிறீர்களா? கூட்டம் மொத்தமும் அண்ணாந்து பெருமாளைப் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு சிலர் மட்டும் குனிந்து சக்கரத்தையே பார்த்துக்கொண்டு வருவார்கள். கையில் முட்டுக்கட்டை. தேருக்கு ஏது ஸ்டீயரிங்? சக்கரத்துக்கு முன்னால் கட்டையைச் சாய்வாகக் கொடுப்பார்கள். சக்கரம் அதில் ஏறி, சறுக்கி, திசை மாறும். வடம் பிடித்து இழுப்பது ஊரே கூடி. திருப்புவதோ நாலைந்து பேரும் சில மரத்துண்டுகளும்தான். கொஞ்சம் பிசகினால் கட்டை போடுகிறவரின் கை போகும், கால் போகும். சில சமயம் உயிரே போகும்.

பெரிய பாரத்தைச் சின்ன பலத்தால் திருப்புவது எப்படி? இந்தக் கேள்விக்கு ஓர் அமெரிக்கர் எண்ணெயைக் கொண்டு பதில் சொன்னார். அவர் என்ன செய்தார் என்று தெரிந்துகொண்டால், உங்கள் காரின் ஸ்டீயரிங் ஒருநாள் கல் மாதிரி இறுகிப் போகும்போது எங்கே கை வைக்க வேண்டும் என்பதும் விளங்கிவிடும்.

இறுகுமா என்கிறீர்களா? காஞ்சியிலிருந்து உத்திரமேரூருக்குப் பழைய வாடகை வண்டி ஒன்றில் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பக்கம் கல் குவாரிகள் நிறைய. எதிரே ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரி வருகிறது. டிரைவர் ஒதுங்கப் பார்க்கிறார். ஸ்டீயரிங் வரமாட்டேன் என்கிறது! இரண்டு கையாலும் பிடித்து, சீட்டிலிருந்து எழும்பி ஒடிக்க வேண்டியிருக்கிறது. எப்படியோ தப்பித்து ஒர்க் ஷாப்புக்குப் போனால், பானெட்டைக்கூடத் திறக்காமல் தீர்ப்பு வருகிறது: "ஸ்டீயரிங் ரேக் போச்சு சார். புதுசு மாத்திடலாம்." பல ஆயிரம் ரூபாய் சமாசாரம்.

பர்ஸை எடுக்க அவசரப்படாதீர்கள். முதலில் கதை.

வண்டியைத் திருப்புகிற கலை குதிரை வண்டிக் காலத்திலேயே தொடங்கிவிட்டது. திரும்பும்போது உள்பக்கச் சக்கரம் அதிகமாகவும் வெளிப்பக்கச் சக்கரம் குறைவாகவும் திரும்ப வேண்டும் என்பதைப் பிடித்தவர்களில் ஒருவர், ஜெர்மனியின் மியூனிக் நகரத்து வண்டி செய்யும் கலைஞர் லாங்கென்ஸ்பெர்கர். 1818ல் லண்டனில் அதற்குக் காப்புரிமை வாங்கியவர் அவருடைய ஏஜென்ட் ஆக்கர்மான். பெயர் யாருக்குக் கிடைத்தது தெரியுமா? ஏஜென்ட்டுக்கு! இன்றைக்கும் இன்ஜினீயரிங் மாணவர்கள் 'ஆக்கர்மான் ஸ்டீயரிங்' என்றுதான் மனப்பாடம் செய்கிறார்கள். பாவம் லாங்கென்ஸ்பெர்கர்.

மோட்டார் வந்ததும் பாரம் கூடியது. 1920களில் காற்றழுத்தம் குறைந்த, அகலமான 'பலூன்' டயர்கள் வந்தன. சவாரி மெத்தை மாதிரி ஆனது. ஆனால் டயர் தரையோடு ஒட்டிக்கொண்டதில் திருப்புவது பெரும்பாடானது. ஸ்டீயரிங் சக்கரத்தைப் பெரிதாக்கினார்கள். பழைய பஸ்களில் அது அண்டா மூடி அகலத்துக்கு இருந்ததே, அதன் காரணம் இதுதான். உள்ளே பற்சக்கரங்களை மாற்றினார்கள். கை வலி குறைந்தது, ஆனால் ஒரு திருப்பத்துக்கு வளையத்தை எத்தனையோ சுற்று சுற்ற வேண்டியதாயிற்று.

இதையெல்லாம் கிட்டத்தில் நின்று பார்த்தவர் ஃபிரான்சிஸ் டேவிஸ். ஹார்வர்டில் படித்த இன்ஜினீயர். பியர்ஸ்-ஏரோ என்ற கம்பெனியின் லாரிப் பிரிவில் வேலை. லாரி டிரைவர்கள் படும் அவஸ்தை அவருக்குத் தெரியும். 1922ல் நல்ல உத்தியோகத்தை உதறிவிட்டு, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வால்தம் என்ற ஊரில் ஒரு பட்டறையை வாடகைக்குப் பிடித்தார். துணைக்கு ஜெஸ்ஸப் என்ற கைதேர்ந்த தொழில்நுட்பக்காரர். எண்ணெயின் அழுத்தத்தால் சக்கரத்தைத் திருப்புவது என்று இருவரும் இறங்கினார்கள்.

எண்ணெயை அழுத்தி வேலை வாங்கும் யோசனை புதிதல்ல. சிக்கல் வேறு இடத்தில். அந்தக் கால ஹைட்ராலிக் இயந்திரங்களில் எண்ணெயை எப்போதும் உயர் அழுத்தத்தில் அடைத்தே வைத்திருப்பார்கள். வேண்டும்போது வால்வைத் திறப்பார்கள். இருபத்துநாலு மணி நேரமும் அழுத்தம் இருந்தால் எண்ணெய் எங்காவது கசியாமல் என்ன செய்யும்? காருக்கு அது சரிப்படாது. டேவிஸ் இதைத் தலைகீழாக்கினார்.

எப்படி என்று புரிய, உத்திரமேரூர் ஏரிக்கு வாருங்கள். உத்திரமேரூர் என்றதும் உங்களுக்குக் குடவோலை ஞாபகம் வரும். முதலாம் பராந்தக சோழன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள். அதே கல்வெட்டில் இன்னொரு விஷயம் இருக்கிறது. 30 குடும்புகளிலிருந்து ஓலை எடுத்துத் தேர்ந்த 30 பேரில் 12 பேர் சம்வத்சர வாரியத்துக்கு, 12 பேர் தோட்ட வாரியத்துக்கு, மீதி 6 பேர் ஏரி வாரியத்துக்கு. ஏரிக்கென்றே தனிக் குழு! அந்த ஏரிக்குப் பெயர் வைரமேக தடாகம். பல்லவன் தந்திவர்மனின் பட்டப்பெயரால் அமைந்தது. அதைத் தூர் வாருவதற்கென்று பொன்னை முதலாக வைத்ததைச் சொல்லும் கல்வெட்டுகளும் இந்த ஊரில் உண்டு.

இப்போது ஒரு வாய்க்காலைக் கற்பனை செய்யுங்கள். மதகு திறந்தே இருக்கிறது. தண்ணீர் சும்மா ஓடிக்கொண்டிருக்கிறது. யாருக்கும் தொந்தரவில்லை. மதகுப் பலகையை இறக்கினால்? தண்ணீர் பின்னால் ஏறுகிறது, முட்டுகிறது, பக்கத்து வாய்க்காலுக்குப் பாய்கிறது. டேவிஸ் செய்தது இதைத்தான். இன்ஜின் சுற்றும்வரை பம்ப் எண்ணெயைச் சுற்றவிட்டுக்கொண்டே இருக்கும். நேராகப் போகும்போது எல்லா மதகும் திறப்பு. எண்ணெய் டப்பாவிலிருந்து கிளம்பி டப்பாவுக்கே திரும்பிவிடும். அழுத்தம் சொற்பம். நீங்கள் வளையத்தைக் கொஞ்சம் திருப்பியதும் உள்ளே இருக்கும் வால்வு ஒரு வழியைக் குறுக்குகிறது. அந்தக் கணத்தில் அழுத்தம் எகிறி, ஒரு பிஸ்டனைத் தள்ளி, சக்கரத்தைத் திருப்பிவிடுகிறது. கையை விட்டால் மதகு மறுபடி திறந்துகொள்ளும். இன்றைய கார்களில் முழுக்க ஒடிக்கும்போது இந்த அழுத்தம் 70, 100 பார் வரைகூடப் போகும். உங்கள் டயருக்குள் இருப்பது வெறும் 2 பார் சொச்சம்!

இன்னொரு புத்திசாலித்தனமும் இதில் இருந்தது. வளையத்துக்கும் சக்கரத்துக்கும் இடையே இரும்புத் தொடர்பு அப்படியே இருக்கும். பெல்ட் அறுந்தாலும் எண்ணெய் மொத்தமும் கொட்டினாலும் வண்டி திரும்பும். கனமாக இருக்கும், அவ்வளவுதான். இதை டிரைவர்கள் தெரிந்துவைத்திருப்பது நல்லது. 'ஸ்டீயரிங் லாக் ஆகிடுச்சு' என்று பயந்து கையை விடுவதற்குப் பதிலாக, பலமாகப் பிடித்துத் திருப்பி ஓரம் கட்டலாம்.

1926ல் டேவிஸ் தன் கருவியைப் பொருத்திய காரை எடுத்துக்கொண்டு டெட்ராய்ட்டுக்குப் போனார். ஜெனரல் மோட்டார்ஸ் அசந்துபோய் ஒப்பந்தம் போட்டது. காடிலாக் காரில் வரப்போகிறது என்று பேச்சு. அதற்குள் பொருளாதார வீழ்ச்சி வந்து காடிலாக் விற்பனை படுத்தது. கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் செலவு கட்டாது என்று 1934ல் கைகழுவினார்கள். மனிதர் சோர்ந்துவிடவில்லை, பெண்டிக்ஸ் கம்பெனிக்குப் போனார். இரண்டாம் உலகப்போர் வந்தது. பிரிட்டிஷ், அமெரிக்க ராணுவங்களின் கனத்த கவச வண்டிகளுக்கு இந்த ஸ்டீயரிங் அவசியமாகிப் போனது. சொகுசுக் கார்க்காரர்கள் வேண்டாம் என்றதை யுத்தம் வாங்கிக்கொண்டது.

அப்புறம்தான் வேடிக்கை. 1951ல் கிரைஸ்லர் கம்பெனி தன் இம்பீரியல் காரில் 'ஹைட்ராகைட்' என்ற பெயரில் பவர் ஸ்டீயரிங்கை முதன்முதலாகக் கடைக்குக் கொண்டுவந்தது. அடிப்படை? காலாவதியாகிப்போன டேவிஸின் காப்புரிமைகள்! ஜெனரல் மோட்டார்ஸ் அலறி எழுந்து, ஏறக்குறைய இருபது வருஷம் முன்பு டேவிஸ் தங்களுக்காகச் செய்து வைத்திருந்த வேலையைத் தூசி தட்டி எடுத்து, 1952 காடிலாக்கில் கொண்டுவந்தது. லாங்கென்ஸ்பெர்கர் அளவுக்கு டேவிஸ் துரதிர்ஷ்டசாலி இல்லை. 1978ல் இறக்கும்போது தன் கருவி லட்சக்கணக்கான வண்டிகளில் ஓடுவதைப் பார்த்துவிட்டார்.

நம் ஊருக்கு இது லாரி வழியாகத்தான் வந்தது. சென்னை எண்ணூரில் 1948ல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி, பிறகு அசோக் லேலண்ட் ஆன நிறுவனம், 1969ல் கனரக வண்டிகளில் பவர் ஸ்டீயரிங்கை அறிமுகப்படுத்தியது. உடனே எல்லா பஸ்ஸுக்கும் வந்துவிடவில்லை என்பதை அந்தக் கால டிரைவர்களின் தோள்பட்டையே சொல்லும். கார்களில் சாதாரணமானது 1990களுக்குப் பிறகுதான். அதே காஞ்சிபுரம் மாவட்டத்து இருங்காட்டுக்கோட்டையில் 1998ல் சான்ட்ரோ வெளிவந்தது. அடுத்த சில வருஷங்களில் பவர் ஸ்டீயரிங் இல்லாத கார் வாங்குவது கௌரவக் குறைச்சலாகிவிட்டது.

சரி, உத்திரமேரூர் ரோட்டில் நிற்கும் நம் வண்டிக்கு வருவோம். டேவிஸின் ரகசியம் ஓட்டம். எண்ணெய் ஓடினால் பலம். ஓட்டம் கெட்டால் இறுக்கம். ஆகவே ரேக்கைச் சந்தேகிப்பதற்கு முன்னால் ஓட்டம் எங்கே கெட்டது என்று தேட வேண்டும்.

அதற்கும் முன்னால் டயர். முன் டயர்களில் காற்று குறைந்திருந்தாலே ஸ்டீயரிங் கனக்கும். பெட்ரோல் பங்க்கில் காசில்லாமல் தீரும் வியாதிக்கு ரேக் மாற்றியவர்கள் இருக்கிறார்கள்! காற்று சரியா? இப்போது இன்ஜினை அணைத்து, முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் கொடுத்துவிட்டு, வளையத்தைத் திருப்பிப் பாருங்கள். சக்கரம் தரையில் இல்லை, எண்ணெய்க்கும் வேலை இல்லை. ஓரளவு சுலபமாகத் திரும்ப வேண்டும். அப்போதும் இறுக்கம் என்றால் குற்றவாளி இரும்புதான்: துருப்பிடித்த ஸ்டீயரிங் காலம் ஜாயிண்ட், கிரீஸ் வற்றிய பால் ஜாயிண்ட், கடைசியாகத்தான் ரேக். குவாரி ரோட்டில் ஓடும் வண்டிகளில் ரப்பர் உறை கிழிந்து கல் தூசி உள்ளே போவது சகஜம். உறை விலை கொஞ்சம். அதைக் கவனிக்காமல் விட்டதற்கான விலை அதிகம்.

தூக்கி வைத்தபோது சுலபம், இறக்கியதும் கனம் என்றால் எண்ணெய்ப் பக்கம் போங்கள். டப்பாவைத் திறந்து பாருங்கள். அளவு குறைவா? எங்கோ லீக். கறுத்துப்போய்க் கருகிய வாடை அடிக்கிறதா? டப்பாவுக்குள் இருக்கும் சல்லடை அடைத்திருக்கலாம். தூர் வாராத ஏரிதான் அது. நுரை நுரையாக இருந்து, திருப்பும்போது 'ஊம்ம்...' என்று முனகலும் கேட்டால் உள்ளே காற்று புகுந்திருக்கிறது. இதில் ஒரு சூட்சுமம்: டப்பாவிலிருந்து பம்ப்புக்குப் போகும் உறிஞ்சு குழாயின் வளையம் காய்ந்திருந்தால், எண்ணெய் சொட்டாது, ஆனால் காற்றை மட்டும் உள்ளே இழுக்கும். தரையில் ஒரு சொட்டுகூட இல்லையே என்று மெக்கானிக் கைவிரிப்பது இந்தக் கேஸில்தான்.

வண்டி நிற்கும்போது கனம், ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் லேசு என்றால்? பெல்ட் தளர்ந்திருக்கலாம் அல்லது பம்ப் தேய்ந்திருக்கலாம். திருப்பும்போது 'கீச்' என்று கத்தினால் பெல்ட் என்றே வைத்துக்கொள்ளலாம். பம்ப்பா, பாக்ஸா என்று சந்தேகம் வந்தால் ஊகிக்கக் கூடாது; இடையில் பிரஷர் கேஜ் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பம்ப்பில் அழுத்தம் வருகிறது, ஆனால் ஒரு பக்கம் லேசு, மறுபக்கம் கனம் என்றால், அப்போதுதான் வால்வையும் ரேக்கையும் நிஜமாகவே சந்தேகிக்க வேண்டும்.

எண்ணெய் மாற்றுவது பெரிய வித்தை இல்லை. டப்பாவுக்குத் திரும்பி வரும் குழாயைக் கழற்றி ஒரு கேனுக்குள் விட்டு, டப்பாவின் வாயை அடைத்து, முன் சக்கரங்களைத் தூக்கி, இன்ஜினைப் போடாமல் வளையத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மெதுவாகத் திருப்பினால் பழசு வெளியேறும். டப்பா வற்றாமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். புதுசு தெளிவாக வந்ததும் குழாயை மாட்டி, அதேபோல இன்னும் இருபது தடவை திருப்பிக் காற்றை வெளியேற்றி, கடைசியில் இன்ஜினைப் போட்டுத் திருப்பிப் பாருங்கள். கோடிவரை ஒடித்து ஐந்து விநாடிக்கு மேல் பிடித்துவைக்காதீர்கள். பம்ப் சூடேறிச் செத்துவிடும். எந்த எண்ணெய் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும். அவசரத்துக்கு பிரேக் ஆயிலை ஊற்றுகிறவர்கள் உண்டு. சீல்கள் ஊதி, அதுவரை நன்றாக இருந்த ரேக்கும் நிஜமாகவே போய்விடும்.

உங்களுடையது புது கார் என்றால் பானெட்டுக்குள் அந்த எண்ணெய் டப்பாவையே காணோம் என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். 1988ல் ஜப்பானில் சுசுகி செர்வோ என்ற சின்னக் காரில் மின்சார பவர் ஸ்டீயரிங் வந்தது. எண்ணெய், பம்ப், பெல்ட் எல்லாவற்றுக்கும் பதில் ஒரு மோட்டார். இன்றைய பெரும்பாலான கார்களில் அதுதான். அது கனத்தால் முதலில் டேஷ்போர்டில் ஸ்டீயரிங் விளக்கு எரிகிறதா பாருங்கள், பிறகு பேட்டரி. பேட்டரி படுத்திருந்தால் இந்த மோட்டாருக்கும் தெம்பு இருக்காது. டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியை வெந்நீர் ஊற்றித் துடைத்து, நட்டை இறுக்கிவிட்டு, அப்புறம் ஒர்க் ஷாப்புக்கு போன் செய்யலாம்.