சயனமும் சஞ்சாரமும்: நின்ற நிலையில் விழுவோரின் காயங்களைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி

சமதரையில் கால் இடறி விழுவதென்பது குழந்தைக்கு விளையாட்டின் ஓர் அங்கமாகவும், இளைஞனுக்குக் கணநேர வெட்கமாகவும் முடிந்துவிட, விருத்தாப்பியம் அடைந்தோர்க்கு மாத்திரம் அது ஆயுளையே குறுக்கும் அபாயமாவதற்குக் காரணத்தை, விழுந்த உயரத்தைவிட விழும் தேகத்திலேயே தேட வேண்டும். மீண்டும் விழாதபடி முதியவரை ஓரிடத்தில் அமர்த்தி வைப்பதே பாதுகாப்பு என்பது பொதுவான அபிப்பிராயம். அது தவறென்பதும், எலும்பு முறிவுச் சிகிச்சையின் சரித்திரமே அதற்குப் பிரமாணம் என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

முன்னோக்கி விழுபவர் உள்ளங்கையை ஊன்றித் தம்மைக் காத்துக்கொள்ள முயல்வதால் மணிக்கட்டு முறிகிறது. டப்ளின் நகர இரண வைத்தியர் ஆபிரகாம் கோலிஸ் 1814-இல் விவரித்த முறிவு இதுவே. வயது மேலும் முதிர்ந்து, நடை தளர்ந்து, கை உரிய கணத்தில் முன்வராத நிலையில், பக்கவாட்டில் சாயும் சரீரத்தின் பாரம் முழுவதும் இடுப்பின் புறத்தே தாக்குவதால் தொடையெலும்பின் கழுத்து முறிகிறது. தலையில் அடிபட்டாலோ, மூளை சுருங்கியமையால் இழுபட்டு நிற்கும் மெல்லிய சிரைகள் கிழிந்து கசியும் இரத்தம், சில வாரங்கள் கழித்துத் தடுமாற்றமாகவோ மயக்கமாகவோ வெளிப்படவும் கூடும். இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போர்க்கு இவ்வபாயம் அதிகம்.

தொடையெலும்புக் கழுத்து முறிந்த கிழவரை மாதக்கணக்கில் படுக்கையில் கிடத்துவதே நெடுங்காலச் சிகிச்சையாக இருந்தது. எலும்பு கூடுமுன் படுக்கைப் புண்ணும் நிமோனியாவும் சிரையில் உறைந்த இரத்தமும் உயிரைக் கொண்டுபோயின. லண்டனில் ஆஸ்ட்லி கூப்பர் 1822-இல் வெளியிட்ட நூலில், மூட்டுறைக்குள் நேரும் முறிவு பொருந்துவது அரிதெனக் கண்டு, நீண்ட படுக்கையால் உடலை வருத்தாமல் நோயாளியை எழுப்பிவிடுதலே நலமென்று கருதினார். பாஸ்டனில் ஸ்மித்-பீட்டர்சன் தம் மூவிதழ் ஆணியால் எலும்பைப் பிணைத்த முறையை 1931-இல் வெளியிட்டபின் அக்கருத்துக்குச் சாதனமும் வாய்த்தது. இக்காலத்தில் ஓரிரு நாட்களுக்குள் அறுவை செய்து, மறுநாளே காலூன்றச் செய்தல் நியதியாகிவிட்டது.

சிகிச்சை கற்ற இப்பாடத்தைத் தடுப்பு இன்னும் கற்கவில்லை. உல்வர்ஹாம்ப்டன் மருத்துவர் ஷெல்டன் 500 வீழ்ச்சிகளை ஆராய்ந்து 1960-இல் எழுதியபோது, தற்செயலாக நேர்ந்தவை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே எனக் கண்டார். எஞ்சியவற்றுள் பலவற்றின் வேர் தளர்ந்த தேகத்திலேயே இருந்தது. ஆகவே தரையைச் சீர்ப்படுத்துவது மட்டும் போதாது. எழுந்தவுடன் தாழும் இரத்த அழுத்தம், தூக்க மருந்து, கண்புரை, கால்வலிமைக் குறைவு ஆகியவற்றைத் தனித்தனியே நாட வேண்டும். அமெரிக்காவில் மேரி டினெட்டி குழுவினர் இவ்வாறு செய்து 1994-இல் வெளியிட்ட சோதனையில், ஓராண்டில் விழுந்தோர், ஒப்பீட்டுக் குழுவின் 47 சதவீதத்துக்கு மாறாக 35 சதவீதமே. நியூசிலாந்தின் டுனெடினில் காம்ப்பெல் குழுவினர், எண்பது வயதைக் கடந்த பெண்களுக்கு வீட்டிலேயே வலிமையும் சமநிலையும் பயிற்றி வீழ்ச்சியைக் குறைத்தனர்.

நடமாடுவதால் விழும் வாய்ப்பும் கூடாதோ என ஆட்சேபிக்கலாம். கை முறிந்த பெண்களை விரைந்து நடக்கச் செய்த ஓர் ஆங்கிலேயச் சோதனையில் வீழ்ச்சி கூடியது மெய்தான். ஆனால் அது சமநிலைப் பயிற்சியின்றி நடையை மட்டும் விதித்ததன் குறையேயன்றி, அசைவின் குறையன்று. அசையாத காலில் தசை மெலிகிறது; மெலிந்த கால் அடுத்த வீழ்ச்சியை விரைவில் அழைக்கிறது. விழுவோம் என்ற அச்சமோ, விழாதவரையும் நாற்காலியில் கட்டிப்போட்டு அதே மெலிவை உண்டாக்குகிறது.

ஆதலின், எலும்பைப் பொருத்திய கையோடு நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் வைத்தியம் பாதி வைத்தியமே. விழுந்த காரணத்தை விசாரித்து, மருந்துகளைப் பரிசீலித்து, எலும்புத் தேய்வுக்கு மருந்தளித்து, பயிற்சியை மருந்துச் சீட்டிலேயே எழுதித் தருவது இரண வைத்தியரின் கடமைக்குள் அடங்கும். அப்பயிற்சியை அன்பின் பெயரால் தடுக்காதிருப்பது இல்லத்தாரின் கடமை.