வட்டக்களரி போய் வந்த வழி

மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே தன்னாமுனை, ஏறாவூர், செங்கலடி எல்லாம் கடந்தால் வந்தாறுமூலை. 1960களின் தொடக்கத்தில் அந்த ஊரின் கூத்தாசான் செல்லையா அண்ணாவியார் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போனார், மாணவர்களுக்கு வடமோடி என்னும் கூத்து மரபைப் பழக்க. அழைப்பித்தவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன்.

ஊரிலே கூத்தாடும் இடமான களரி வட்டமானது. அண்ணாவியாரும் மத்தளமும் சல்லரியும் உள்ளே, சுற்றிவரச் சனம். ஆடுகிறவர் முதுகைக் காட்டி ஒளிந்துகொள்ள ஒரு திசையும் இல்லை. ஆட்டம் விடியும்வரை நீளும். பேராதனையில் அந்த வட்டம் ஒரு பக்கம் மட்டும் திறந்த மேடையாயிற்று; இராக்கூத்து சுருங்கியது. கர்ணன் போர் (1962), நொண்டி நாடகம் (1963), இராவணேசன் (1964), வாலிவதை (1967) என்று வரிசையாக வந்தன. இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு, மட்டக்களப்பு அமிர்தகழிக்காரர். படித்தவர்கள் கூத்தை மதிக்கத் தொடங்கியதில் இந்த மேடையேற்றங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனாலும் எனக்கு ஒரு குறை: களரி வந்தது, அதைச் சுற்றியிருந்த ஊர் வரவில்லை.

1981இல் வந்தாறுமூலையிலேயே பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமானது. மௌனகுரு அங்கே நுண்கலைத்துறைப் பேராசிரியரானார். அடுத்த அடியை வைத்தவர் அதே துறையின் சி. ஜெயசங்கர். 2000களின் தொடக்கத்தில், மட்டக்களப்புச் சீலாமுனையில், கூத்தர்களோடு சேர்ந்து கூத்து மீளுருவாக்கம் என்ற செயற்பாட்டைத் தொடங்கினார். கூத்தை வளாகத்துக்கு எடுத்துவராமல், ஆய்வு கூத்தின் இடத்துக்கே போனது.

கூத்து என்பது அரங்கேற்ற இரவு மட்டுமல்ல. ஆடுகிறவருக்குரிய பாட்டைக் கொடுக்கும் சட்டங்கொடுத்தல், மாதக்கணக்கில் பழகுதல், சதங்கை அணிதல், முழு ஒத்திகையான அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றத்துக்குப் பிறகு வீட்டுக்கு வீடு ஆடுதல். இவற்றுக்குள் இருந்து பார்க்கிற மாணவருக்குத்தான் யாருக்கு எந்தக் கொலு (பாத்திரம்), ஏன் அவருக்கு, ஊரில் யார் சொல் எடுபடும் என்பதெல்லாம் தெரியவரும். எந்த விரிவுரையும் இதைத் தராது. சீலாமுனையில் சாதி பற்றியும் பெண்கள் பற்றியும் பழைய பாடல்கள் சொல்வதை அப்படியே ஆடலாமா என்ற கேள்வி எழுந்தது. வெளியிலிருந்து எவரும் திருத்தி எழுதிக் கொடுக்கவில்லை; ஆடுகிறவர்களே பேசினார்கள், வாதாடினார்கள், மாற்றினார்கள். அந்த வாதத்தில் உட்கார்ந்திருப்பதே உயர்கல்வி என்பேன். இப்படிப் பழகும் மாணவரின் இறுதிப் புள்ளியில் அண்ணாவியாரின் மதிப்பீட்டுக்கும் ஒரு பங்கு இருக்கவேண்டும்.