தூக்க விட்டவனும் மல்லன்தான்

பொங்கலுக்கு வெள்ளையடிக்கணும்னு பரண் மேல இருந்த சாமானை எல்லாம் இறக்கினோம். பழைய பித்தளை அண்டாவுக்குள்ள ஒரு பிஸ்கட் டப்பா. திறந்து பார்த்தால், என் பையன் ஆறாவது, ஏழாவது படிக்கும்போது சேர்த்து வைத்த ரெஸ்லிங் டிரம்ப் கார்டு. மூலையெல்லாம் எலி கடித்திருந்தது. அண்டர்டேக்கருக்கு மட்டும் ஒரு சேதாரமும் இல்லை.

சென்னையிலிருந்து வந்த பையனும் ஓசூரிலிருந்து வந்த தங்கச்சி மகனும் அதைப் பார்த்ததும் சின்னப் பசங்க ஆயிட்டாங்க. இரண்டு பேருக்கும் முப்பது தாண்டியாச்சு. "எல்லாக் காலத்துக்கும் பெரிய ரெஸ்லர் யாரு?"ன்னு திண்ணையில ஆரம்பித்த பேச்சு, மாட்டுப் பொங்கல் அன்றைக்குக் கொம்புக்கு வர்ணம் அடிக்கிற வரைக்கும் ஓயவில்லை. பையன் அண்டர்டேக்கர் கட்சி. தங்கச்சி மகன் ஜான் சீனா கட்சி. எங்க அம்மா மட்டும், "தாரா சிங்கை விடவாடா?"ன்னு ஒரே வார்த்தையில் தீர்ப்பு சொல்லிட்டு உள்ளே போயிட்டாங்க.

கடைசியில் "மாமா, நீங்க சொல்லுங்க"ன்னு என்கிட்ட வந்தாங்க. நான் பத்தாவதோட நின்றவன். ஆனா மும்முனை கரண்ட் ராத்திரியில் வருகிற நாட்களில் மோட்டார் கொட்டாயில் உட்கார்ந்து போன்ல எதையாவது படிக்கிற பழக்கம் உண்டு. இந்த மல்யுத்தக் கதையை இரண்டு மூன்று வருஷமா அப்படித்தான் படிச்சேன். அன்றைக்குப் பாதிதான் சொல்ல முடிந்தது, அவங்களுக்கு பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சு. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதல்ல பட்டக் கணக்கு. சீனா 17 தடவை உலகச் சாம்பியன். 2025 ஏப்ரலில் லாஸ் வேகாஸில் கோடி ரோட்ஸை ஜெயித்து, ரிக் ஃபிளேருக்கு வைத்திருந்த 16 என்ற கணக்கைத் தாண்டினார். தங்கச்சி மகனுடைய வாதமே இதுதான். நான் கேட்டேன், "17 தடவை வாங்கினான்னா, 16 தடவை கையை விட்டுப் போச்சுன்னுதானே அர்த்தம்?"

புரூனோ சம்மார்ட்டினோன்னு ஒருத்தர். இத்தாலியில் ஒரு மலைக் கிராமத்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் சிப்பாய்கள் ஊரைப் பிடித்தபோது, அம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மலை மேல் ஒளிந்து, ராத்திரியில் கீழே இறங்கி வந்து சாப்பாடு எடுத்துப் போய்க் காப்பாற்றிய பிள்ளை. அமெரிக்கா போய் உடம்பைத் தேற்றி, 1963 மே மாதம் நியூயார்க்கில் படி ராஜர்ஸை 48 விநாடியில் சாய்த்துப் பட்டம் வாங்கினார். 1971 ஜனவரி வரைக்கும் அதை விடவில்லை. 7 வருஷம் 8 மாசம். பிறகு இன்னொரு தடவை. ஆக இரண்டே தடவைதான், ஆனா மொத்தம் 11 வருஷம் அந்த பெல்ட் அவர் இடுப்பில் இருந்தது. எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் அவர் பின்னாடி எங்கேயோ நிற்பார். அது நியாயமா?

சரி, பட்டத்தை விடு, நிஜமான பலத்தைப் பார்ப்போம்னா, நூறு வருஷத்துக்கு மேல பின்னாடி போகணும். அமெரிக்காவில் ஃபிராங்க் காட்ச். அயோவா மாநிலத்தில் ஒரு விவசாயி மகன். 1908 ஏப்ரலில் சிகாகோவில், ரஷ்ய சிங்கம்னு பேர் வாங்கிய ஹாக்கன்ஷ்மிட்டோடு மோதினார். இரண்டு மணி நேரம் தள்ளுமுள்ளு. கடைசியில் ஹாக்கன்ஷ்மிட் போதும்னு விட்டுக்கொடுத்தார். காட்ச் உடம்பில் எண்ணெய் தடவிக்கொண்டு வந்தார்னு பிறகு புகாரும் சொன்னார்.

அந்த இரண்டு பேரோடும் மோத ஆசைப்பட்டு, வாய்ப்பே கிடைக்காமல் போனவர் நம்ம நாட்டு காமா. அமிர்தசரஸ் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். உயரம் ஐந்தே முக்கால் அடிக்கும் குறைவு. 1910-ல் லண்டன் போய், எந்த மூன்று பேரையும் அரை மணி நேரத்தில் சாய்க்கிறேன்னு சவால் விட்டார். செப்டம்பரில் போலந்துக்காரர் ஸ்பிஸ்கோ மோத வந்தார். வந்தவர் தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டார். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் புரட்டிப் பார்த்தும் காமாவால் அவரை மல்லாக்கத் தள்ள முடியவில்லை. சேற்றில் படுத்த எருமையை எழுப்பிப் பார்த்தவங்களுக்கு அந்தக் கஷ்டம் புரியும். ஒரு வாரம் கழித்து மறுபடி வைத்த போட்டிக்கு ஸ்பிஸ்கோ வரவே இல்லை. பெல்ட் காமாவுக்குப் போச்சு.

நிஜச் சண்டையில் இதுதான் சிக்கல். பலமான இரண்டு பேர் உண்மையா மோதினால், பார்க்கிறவனுக்கு ஒண்ணும் தெரியாது. நெப்ராஸ்காவில் ஜோ ஸ்டெச்சர்னு இன்னொரு விவசாயி மகன். தானிய மூட்டையைக் காலால் இறுக்கி இறுக்கிப் பழகினவர்னு சொல்வாங்க. அது நூறு பவுண்டு மூட்டை. நம்ம கொள்முதல் நிலையத்து 40 கிலோ சாக்கை விடக் கொஞ்சம் கூட. அவர் கால் பிடிக்குள் மாட்டினவன் எழுந்தது கிடையாது. 22 வயசிலேயே சாம்பியன். அவரும் எட் லூயிஸும் 1916 ஜூலை 4 அன்று ஒமாஹாவில் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் மோதினார்கள். முடிவே இல்லை. காசு கொடுத்து வந்த ஜனம் எத்தனை நேரம்தான் உட்கார்ந்திருக்கும்?

பேசி வைத்து ஆடுவது அதற்கு முன்னாலேயே உண்டு. 1920-களில் அதை ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவந்தது அதே எட் லூயிஸும் அவரோட சேர்ந்த இரண்டு பேரும்தான். நேரத்துக்கு வரம்பு வைத்து, பார்க்க எடுப்பான பிடிகளைச் சேர்த்து, ஆட்களைக் கூத்து ஜமா மாதிரி ஒன்றாகச் சேர்த்து ஊர் ஊராகக் கூட்டிப் போனார்கள். இன்றைக்கு நாம் டிவியில் பார்ப்பது அதனுடைய பேரப்பிள்ளை.

1925-ல் ஒரு வேடிக்கை நடந்தது. வெய்ன் மன் என்று ஒரு கால்பந்து வீரர், அமெரிக்கக் கால்பந்து. ஆள் பார்க்க மலை மாதிரி, ஆனா மல்யுத்தம் பெரிசா தெரியாது. கூட்டம் சேரும்னு லூயிஸே பேசி வைத்து அவரிடம் தோற்று, பட்டத்தைக் கொடுத்தார். ஏப்ரலில் பிலடெல்பியாவில் அவரோடு மோத வந்தவர் யார் தெரியுமா? லண்டனில் தரையில் படுத்த அதே ஸ்பிஸ்கோ. வயசு 45 இருக்கும். தோற்கிறேன்னு ஒத்துக்கொண்டு மேடை ஏறியவர், எதிர்க் கோஷ்டியோடு சேர்ந்துகொண்டு நிஜமாகவே மன்னைப் பிடித்து மல்லாக்கத் தள்ளித் தள்ளி அமுக்கிவிட்டார். அடுத்த மாதமே அந்தப் பட்டத்தை ஸ்டெச்சரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். மூன்று வருஷம் கழித்து, 1928-ல் பாட்டியாலாவில் காமாவிடம் மறுபடி வந்து நின்றார். இந்தத் தடவை படுக்க நேரமில்லை. ஒரு நிமிஷத்துக்குள் கதை முடிந்தது.

மன் கதையிலிருந்து வியாபாரிகள் பாடம் படித்தார்கள். ஆட்டம் பேசி வைத்ததாக இருந்தாலும், பட்டத்தை நிஜமா சண்டை தெரிந்தவன் இடுப்பில் கட்டு. எவனாவது பேச்சு மாறினால் அவனை அடக்கத் தெரியணும். செயின்ட் லூயிஸில் வளர்ந்த, செருப்புத் தைக்கிறவர் மகன் லூ தெஸ் 1949 முதல் 1956 வரை அப்படித்தான் பட்டத்தைக் காத்தார். நிஜமும் தெரியும், ஆட்டமும் தெரியும். பழைய ஆட்கள் பலர் தெஸ்தான் முதல்னு சொல்வதற்கு இதுதான் காரணம்.

"அப்போ எல்லாம் நாடகம்தானே மாமா?"ன்னு கேட்டான் தங்கச்சி மகன். நாடகம்தான். 1989-ல் நியூ ஜெர்சி அரசாங்கத்திடம் அந்தக் கம்பெனியே, இது விளையாட்டுப் போட்டி இல்லை, பொழுதுபோக்கு என்று சொல்லிவிட்டது. போட்டி என்றால் கட்டுப்பாடும் வரியும் வருமே.

நாடகம் என்றால் சும்மாவா? எங்க ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் படுகளம் நடக்கும். மண்ணால் செய்த துரியோதனன் வயல் நீளத்துக்குப் படுத்திருப்பான். பீமன் வேஷக்காரர் துரத்துவார், துரியோதனன் வேஷக்காரர் ஓடுவார். யார் விழப்போகிறார் என்று கைக்குழந்தைக்குக் கூடத் தெரியும். ஆனா ஜமாவில் நல்ல கை யாரோ, அவருக்குத்தான் துரியோதனன் வேஷம். அவர் சரியா விழவில்லை என்றால் பீமன் கதாயுதத்துக்கு மரியாதை இல்லை.

மல்யுத்த மேடையும் அதேதான்னு எனக்குத் தோணுது. மயங்கி விழுந்த ஆளை நாலு பேர் சேர்ந்து தூக்கினாலும் கனக்கும். கழுத்தைக் கட்டிக்கொள்கிற குழந்தை கனக்காது. மேடையில் ஒருத்தன் இன்னொருத்தனைத் தலைக்கு மேல் தூக்குகிறான் என்றால், தூக்குகிறவன் பாதி, தூக்க விடுகிறவன் பாதி. முடிவு முன்னாலேயே தெரிந்த ஆட்டத்தில் ஜெயிப்பது பெரிய காரியமில்லை. தோற்பதுதான் வேலை.

சம்மார்ட்டினோ 1971-ல் தோற்றபோது அரங்கமே அமைதி ஆகிவிட்டது. தன் காதுதான் கேட்காமல் போச்சோன்னு அவர் நினைத்தாராம். ரெஸில்மேனியாவில் 21 தடவை தோற்காத அண்டர்டேக்கர் 2014-ல் பிராக் லெஸ்னரிடம் விழுந்தபோதும் அப்படித்தான். பையன் அன்றைக்குச் சாப்பிடவில்லை, எனக்கு ஞாபகம் இருக்கு. ஜெயித்த 21-ல் எத்தனை அவனுக்கு நினைவிருக்கும்? தோற்ற ஒண்ணு மட்டும் மறக்கவில்லை.

என் ஓட்டு ஆந்த்ரேவுக்கு. பிரான்ஸில் மோலியன் என்ற குக்கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் வளர்ந்தவர். உடம்பில் வளர்ச்சிச் சுரப்பி அடங்காத ஒரு நோய். வளர்ந்துகொண்டே போனார். ஏழடி நாலங்குலம், 500 பவுண்டுக்கு மேல் என்று விளம்பரம் செய்தார்கள். உலகமே ஆச்சரியமா பார்த்த அந்த உடம்பு அவருக்கு வலி. 1986-ல் முதுகில் ஆபரேஷன். அடுத்த வருஷம் 1987 மார்ச் 29, மிச்சிகனில் பெரிய மைதானம். 93,173 பேர் வந்ததாகக் கம்பெனி அறிவித்தது, அந்தக் கணக்கில் சண்டை இன்னும் ஓயவில்லை. 15 வருஷமா தோற்காதவர், யாரும் தூக்காதவர் என்று சொல்லித்தான் கூட்டம் கூட்டினார்கள். அது கதை. முன்னாலேயே சிலர் தூக்கியிருக்கிறார்கள், ஹல்க் ஹோகனே தூக்கியிருக்கிறார். ஆனா அன்றைக்கு ஆந்த்ரே உடைக்கு உள்ளே முதுகுக்குப் பட்டை கட்டிக்கொண்டு நின்றவர். அவர் வேண்டாம்னு நினைத்திருந்தால் ஹோகன் இல்லை, யாராலும் அசைத்திருக்க முடியாது. ஹோகன் தூக்கினார், இவர் தூக்க விட்டார். அந்த முதுகோடு கீழே விழுந்தார். ஹோகன் உலகப் புகழ் ஆனார். 2025 ஜூலையில் ஹோகன் இறந்தபோதும் ஊரெல்லாம் காட்டியது அந்த ஒரு தூக்கலைத்தான்.

ஆந்த்ரே காசு சேர்த்து என்ன வாங்கினார் தெரியுமா? வட கரோலினாவில் ஒரு பண்ணை. நீளக் கொம்பு மாடு வளர்த்தார். வயல் வேண்டாம்னு ஊரை விட்டுப் போன பிள்ளை, கடைசியில் மாட்டுக்குத்தான் வந்து சேர்ந்தார். 1993 ஜனவரியில் அப்பா இறந்ததுக்கு பிரான்ஸ் போனார். அம்மா பிறந்த நாளுக்கு இருந்துவிட்டுப் போகலாம்னு தங்கினார். மோலியனில் பழைய கூட்டாளிகளோடு சீட்டு விளையாடினார். பாரிஸ் ஓட்டலுக்குத் திரும்பிப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. வயசு 46.

இந்த இடம் வந்ததும் திண்ணையில் யாரும் பேசவில்லை. எனக்கும் தொண்டை அடைத்தது. பையன் படிப்பு முடித்த வருஷம், நிலத்தைப் பார்த்துக்கொள்னு நான், சென்னைக்குப் போறேன்னு அவன், ஆறு மாசம் வீட்டில் சரியான பேச்சு கிடையாது. ஒருநாள் நானே பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். கேட்டவங்ககிட்ட "நான்தான் போகச் சொன்னேன்"னு சொன்னேன். தன் வாதம்தான் ஜெயித்ததுன்னு இன்னும் நினைச்சிட்டிருக்கான். இருக்கட்டும். முதுகு வலிச்சாலும் சில பேரைத் தூக்க விடணும்.

பிஸ்கட் டப்பாவை அவன் சென்னைக்கு எடுத்துப் போகவில்லை. "இங்கேயே இருக்கட்டும்பா, அடுத்த தடவை வரும்போது விளையாடுறோம்"னான். எலி எட்டாத இடமா பார்த்து வச்சிருக்கேன்.

அம்மாகிட்ட ஆந்த்ரே கதையை முழுசா சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, "பாவம் அந்தப் புள்ள"ன்னாங்க. அப்புறம், "ஆனா தாரா சிங்தான்டா"ன்னாங்க.