எண்ணப்படாத சனம்

“சனத்தை எண்ணி என்ன வரப்போகுது?” என்று ஒருகாலம் நானும் கேட்டிருக்கிறேன். வன்னியின் கதையை வாசித்தபிறகு அப்படிக் கேட்க வாய் வருவதில்லை.

இலங்கையில் 1871இல் தொடங்கிய குடிசன மதிப்பீடு, 1981க்குப் பிறகு போரால் தடைப்பட்டது. 1991இல் நடக்கவேயில்லை. 2001இல் 18 மாவட்டங்களில்தான் முழுமையாக நடந்தது. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவில் எண்ண ஒருவரும் போகவில்லை.

2009 தொடக்கத்தில், வன்னியில் சிக்கியிருப்பவர்கள் சுமார் 70,000 பேர் என்றது அரசு. அங்கேயே இருந்த அதிகாரிகள் சொன்ன தொகை அதைப்போலப் பல மடங்கு. யாரை நம்பி அரிசி அனுப்புவது? எண்ணைக் குறைத்துச் சொன்னதே உணவையும் மருந்தையும் மட்டுப்படுத்தத்தான் என்றது 2011இல் வந்த ஐ.நா. நிபுணர் குழு அறிக்கை. போர் முடிந்து முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் மட்டும் 280,000க்கு மேல்.

சரியான கணக்கு இருந்திருந்தால் அரசு கேட்டிருக்குமா, தெரியாது. ஆனால் 70,000 என்று இவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டுப் போயிருக்க ஏலாது.