வேகமா, நம்பகமா? மேசைக்கணினிச் செயலியும் வழங்கிச் செயலியும் பிரிந்த கதை



பள்ளிக்குக் கணினி வாங்குவது பற்றிப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் வருகிறது. மாணவர் பதிவுகளையும் மதிப்பெண்களையும் சேமித்து வைக்கும் கணினிக்குச் சாதாரண மேசைக்கணினிச் செயலி போதுமா? அல்லது சர்வர் எனப்படும் வழங்கிகளுக்கென்றே விற்கப்படும் விலையுயர்ந்த செயலிதான் வேண்டுமா? விற்பனையாளரிடம் கேட்டால் கிகாஹெர்ட்ஸ் கணக்கையும் கோர்களின் எண்ணிக்கையையும் சொல்வார். அவை மட்டும் இக்கேள்விக்கு விடையாகா. இவ்விரு வகைச் செயலிகளும் எப்போது, எதன் பொருட்டுப் பிரிந்தன என்பதை அறிந்தால் விடை தானே தெளியும். அந்த வரலாற்றில் வேகத்திற்கு இருக்கும் இடம் சிறியது. கணினி தவறு செய்தால் அதை யார் கண்டுபிடிப்பது என்பதே அதன் பெரும்பகுதி.

ஹாமிங்கின் வார இறுதிகள்

1947ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஹாமிங் என்னும் கணிதவியலாளர் பணியாற்றினார். அங்கிருந்த ரிலே கணிப்பொறியில் வார இறுதிகளில்தான் அவருடைய கணக்குகள் ஓடின. பிழை நேர்ந்தால் அதை உணரும் ஆற்றல் அந்தப் பொறிக்கு இருந்தது. ஆனால் சரிசெய்ய ஆள் இல்லாத நேரமாதலால், அக்கணக்கை அப்படியே கைவிட்டுவிட்டு அடுத்ததற்குச் சென்றுவிடும். திங்கட்கிழமை வந்து பார்த்தால் விடை இராது. பிழை இருப்பதை அறிய முடிந்த பொறியால் அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதை ஏன் அறிய முடியவில்லை என்று அவர் சிந்தித்தார். அச்சிந்தனையின் பயனான பிழைதிருத்தும் குறிமுறையை 1950இல் வெளியிட்டார்.

ஆசிரியர்களுக்கு இதை விளக்குவது எளிது. மதிப்பெண் பட்டியலில் ஒவ்வொரு மாணவருக்கும் வலப்புறம் ஒரு கூட்டுத்தொகை. ஒவ்வொரு பாடத்திற்கும் கீழே ஒரு கூட்டுத்தொகை. இடையில் ஒரே ஓர் எண் தவறிவிட்டால், ஒரு வரிசையின் கூட்டும் ஒரு நிரலின் கூட்டும் பொருந்தாமற்போகும். அவ்விரண்டும் சந்திக்கும் கட்டமே தவறான கட்டம். எவ்வளவு தவறியது என்பதும் தெரிந்துவிடும். கூடுதலாகச் சில எண்களை எழுதிவைத்ததால் தவறு தன்னைத்தானே காட்டிக்கொடுக்கிறது. ஹாமிங் இதே கருத்தை 0, 1 ஆகிய இரண்டு குறிகளுக்கு மிகச் சிக்கனமாக அமைத்துத் தந்தார்.

1961இல் வந்த ஐபிஎம் ஸ்ட்ரெட்ச் கணினியின் நினைவகம், 64 பிட் தரவுக்கு 8 பிட் காவலாக, மொத்தம் 72 பிட்டுகளைக் கொண்டிருந்தது. ஒரு பிட் மாறினால் திருத்திவிடும். இரண்டு மாறினால் திருத்த இயலாவிட்டாலும் அறிவித்துவிடும். பிற்கால வழங்கிகளில் பெரிதும் நிலவிய 72 பிட் கணக்கு அன்றே வகுக்கப்பட்டுவிட்டது.

காணாமற்போன ஒன்பதாவது சில்லு

பிட்டுகள் ஏன் தாமாக மாறுகின்றன? 1978இல் இன்டெல் நிறுவனத்தின் திமோத்தி மே, மர்ரே வுட்ஸ் ஆகியோர் ஒரு காரணத்தை எடுத்துக்காட்டினர். சில்லுகளைப் பொதியும் பொருளில் நுண்ணளவில் கலந்திருந்த கதிரியக்கத் தனிமங்கள் ஆல்பாத் துகள்களை வெளியிட்டன. அவை நினைவகத்தின் மின்னூட்டத்தைக் கலைத்தன. விண்வெளியிலிருந்து வரும் கதிர்களாலும் இது நேரும் என்பது பின்னர் உறுதியாயிற்று.

1981இல் வெளிவந்த ஐபிஎம் தனியாள் கணினியில் இதற்கு ஓரளவு காவல் இருந்தது. எட்டு நினைவகச் சில்லுகளுக்கு ஒன்பதாவதாக ஒரு சில்லு துணை நின்றது. அதனால் பிழையைத் திருத்த முடியாது. ஆனால் கண்டவுடன் கணினியை நிறுத்திவிடும். பொய்யான விடையைத் தருவதைவிட நின்றுவிடுவது மேல் என்பது அன்றைய கொள்கை. 1990களின் நடுவில் விலைப்போட்டி கடுமையானபோது அந்த ஒன்பதாவது சில்லு வீண்செலவாகக் கருதப்பட்டது. 1995இல் பென்டியம் கணினிகளுக்காக இன்டெல் வெளியிட்ட ட்ரைட்டன் சில்லுத்தொகுதி அக்காவலை அறவே ஆதரிக்கவில்லை. வீட்டுக் கணினியின் விலை குறைந்தது. பிழையைக் காணும் கண்ணும் போயிற்று.

கண் இல்லாவிட்டால் என்ன நேரும்? 2003 மே மாதம் பெல்ஜியத் தேர்தலில், ஸ்கார்பேக் என்னும் ஊரில் ஒரு வேட்பாளருக்கு மின்னணு எண்ணிக்கையில் 4,096 வாக்குகள் கூடுதலாக விழுந்திருந்தன. கிடைத்திருக்கவே முடியாத எண்ணிக்கையாக இருந்ததால்தான் அது கண்ணில் பட்டது. 4,096 என்பது இரண்டின் 12ஆம் அடுக்கு. அதாவது ஒரே ஒரு பிட் 0இலிருந்து 1ஆக மாறினால் கூடக்கூடிய தொகை. மென்பொருளில் குறை எதுவும் தென்படவில்லை. நினைவகத்தில் பிட் தானாக மாறியதே காரணமாகக் கருதப்பட்டது. மாறிய பிட் சிறிய மதிப்புடையதாக இருந்திருந்தால் யாரும் ஐயுற்றிருக்கமாட்டார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஒரு குடும்பம், மூன்று பெயர்கள்

486 செயலியின் காலம்வரை அலுவலக மேசையிலும் வழங்கியிலும் பெரும்பாலும் ஒரே செயலிதான் இருந்தது. 1995 நவம்பரில் வந்த பென்டியம் புரோ முதலாவது பிரிவைத் தொடக்கியது. அதன் விரைவு நினைவகம் செயலியோடு ஒரே பொதியில், செயலியின் முழுவேகத்தில் இயங்கியது. விலையும் அதற்கேற்ப உயர்ந்தது. ஆயினும் விண்டோஸ் 95இன் பழைய 16 பிட் நிரல்களை அது சாதாரணப் பென்டியத்தைவிட மெதுவாகவே இயக்கியது. விலை கூடியது எல்லாப் பணிக்கும் சிறந்தது அன்று என்பதற்கு இது நல்ல சான்று.

1998இல் பிரிவு முழுமையாயிற்று. மலிவுக்குச் செலரான், நடுவில் பென்டியம் II, வழங்கிகளுக்கு ஜியான் என ஒரே குடும்பம் மூன்று பெயர்களில் விற்கப்பட்டது. பென்டியம் II செயலியில் விரைவு நினைவகம் பாதிவேகத்தில் ஓடியது. ஜியானில் முழுவேகத்தில் ஓடியது. நான்கு ஜியான்களை ஒரே பலகையில் பொருத்தவும் முடிந்தது. கணக்கிடும் அடிப்படை அமைப்பு மூன்றிலும் ஒன்றே.

அதுவரை நினைவகத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி தாய்ப்பலகையில்தான் இருந்தது. எனவே பிழைதிருத்தும் வசதி வேண்டுமா என்பது பலகையைத் தேர்ந்தெடுப்பதைப் பொறுத்தது. 2003இல் ஏஎம்டி தன் ஆப்டெரான், அத்லான் 64 செயலிகளில் அப்பகுதியைச் செயலிக்குள்ளேயே கொண்டுவந்தது. இன்டெல் 2008இல் கோர் ஐ7 செயலியில் அவ்வாறே செய்தது. ஆனால் கோர் ஐ7 பிழைதிருத்தும் நினைவகத்தை ஏற்கவில்லை. அதே அமைப்பில் 2009இல் வந்த ஜியான் ஏற்றது. இன்டெலைப் பொறுத்தவரை, செயலியின் பெயரைத் தேர்ந்தெடுப்பதே பிழைக்காவலைத் தேர்ந்தெடுப்பதாக ஆகிவிட்டது.

கூகுள் கற்ற பாடம்

மலிவான கருவிகளைக் கொண்டு பெரும்பணி ஆற்ற முடியாதா? முடியும் என்று காட்டியது கூகுள். 2003இல் அதன் பொறியாளர்கள் வெளியிட்ட கட்டுரையில் 533 மெகாஹெர்ட்ஸ் செலரான் கணினிகளும் அவர்களது பணியில் இருந்ததாகக் குறிப்பிட்டனர். 2002இன் இறுதி விலைகளையும் ஒப்பிட்டனர். 176 செயலிகள் கொண்ட எளிய கணினிகளின் அடுக்கு ஏறத்தாழ 278,000 டாலர். 8 செயலிகள் மட்டுமே கொண்ட பெரிய வழங்கி ஒன்று ஏறத்தாழ 758,000 டாலர். ஒரு கணினி பழுதானால் மற்றொன்று பணியை ஏற்கும்படி அவர்கள் மென்பொருளை அமைத்திருந்தனர்.

ஆனால் அந்த மலிவுக்கும் விலை இருந்தது. 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர்களது தேடல் அட்டவணையைப் புதுப்பிக்கும் பணி பல மாதங்களாகத் தடைப்பட்டிருந்தது. ஜெப் டீன், சஞ்சய் கெமாவத் ஆகிய இருவரும் தரவை 0, 1 என்ற நிலைவரை இறங்கிப் படித்து, பிட்டுகள் மாறிக்கிடந்ததைக் கண்டுபிடித்தனர்; அதைச் சமாளிக்கும் நிரலை எழுதினர். வன்பொருளில் மிச்சப்படுத்தியதை அறிவுழைப்பால் ஈடுசெய்தனர். அத்தகைய இருவர் எல்லா இடங்களிலும் கிடைப்பதில்லை.

2009இல் அதே நிறுவனத்தின் கணினிகளை ஆராய்ந்து வெளியிட்ட ஆய்வு, ஓராண்டில் மூன்றில் ஒரு பங்குக் கணினிகளில் நினைவகப் பிழை நேர்ந்ததாகக் கூறியது. நினைவகத்தின் முதுமையும் நிலையான பழுதுமே பெருங்காரணம். வெப்பநிலையின் பங்கு எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு.

வர்ஜீனியாவின் 1,100 கணினிகள்

இக்கதையின் மிகத் தெளிவான அத்தியாயம் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது. 2003இல் 1,100 ஆப்பிள் பவர்மேக் ஜி5 மேசைக்கணினிகளை இணைத்து, 52 இலட்சம் டாலர் செலவில் ஒரு மீக்கணினியை உருவாக்கினர். நொடிக்கு 10.28 இலட்சம் கோடிக் கணக்குகள். அவ்வாண்டு நவம்பரில் உலகில் மூன்றாம் இடம். உலகமே வியந்தது. ஆனால் அக்கணினிகளில் பிழைதிருத்தும் நினைவகம் இல்லை. பல நாள்கள் ஓடும் அறிவியல் கணக்கில் ஆயிரம் கணினிகளுள் ஒன்று ஒரு பிட்டைத் தவறவிட்டாலும் விடை ஐயத்திற்குரியதாகிவிடும். 2004இல் அவற்றை அகற்றி, பிழைதிருத்தும் நினைவகம் கொண்ட எக்ஸ்சர்வ் வழங்கிகளைப் பொருத்தினர். செயலிக் குடும்பம் மாறவில்லை. நினைவகக் காவல் வந்து சேர்ந்தது.

நம் பள்ளிக்கு எது?

மாணவர்கள் தட்டச்சு செய்யவும் படம் வரையவும் இணையத்தில் தேடவும் மேசைக்கணினிச் செயலி முற்றிலும் போதும். அதற்கு வழங்கிச் செயலி வாங்குவது சங்கப் பணத்தை வீணாக்குவதாகும். பல வழங்கிச் செயலிகளில் ஒவ்வொரு கோரின் வேகமும் குறைவு. திரைக்கான வரைகலைப் பகுதியும் இராது.

ஆண்டுக்கணக்கில் பதிவுகளைக் காக்கும் ஒரே ஒரு கணினிக்கு நிலைமை வேறு. முதற்செலவு செயலிக்கு அன்று. வேறு வேறு இடங்களில் வைக்கப்படும் இரண்டு மறுபடிகளுக்கு. திருட்டிலிருந்தும் தீயிலிருந்தும் எந்தச் செயலியும் காப்பாற்றாது. அதற்குப் பின்னும் பணம் இருந்தால் பிழைதிருத்தும் நினைவகத்தை நாடலாம். ஏனெனில் தவறான எண்ணை நூறு மறுபடி எடுத்தாலும் அது தவறாகவே இருக்கும்.

வாங்கும்போது பெயர்ப்பட்டையைக் கண்டு மயங்க வேண்டா. பழைய ஜியான் செயலியைச் சாதாரண நினைவகத்தோடு சேர்த்து விற்பவர்களும் உண்டு. செயலி, தாய்ப்பலகை, நினைவகம் ஆகிய மூன்றும் ஒருங்கே பிழைதிருத்தத்தை ஆதரித்தால்தான் பயன் உண்டு. இன்று சில மேசைக்கணினிச் செயலிகளும் உரிய பலகையோடு அதை ஆதரிக்கின்றன. டிடிஆர்5 நினைவகச் சில்லுகளுக்குள் இருக்கும் உட்திருத்தம் சில்லுக்குள் நேரும் பிழைக்கு மட்டுமே. அதை முழுக்காவலாகக் கொள்ளலாகாது.

எனவே அடுத்த கூட்டத்தில் விற்பனையாளரிடம் "எவ்வளவு வேகம்?" என்று கேட்பதற்கு முன், "இக்கணினி தவறு செய்தால் எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். ஒரு பிள்ளையின் பெயருக்கு நேரே நிற்கும் எண் மாறாமல் இருக்க வேண்டும் என்பதில், கேட்கும் பெற்றோருக்கும் எழுதிய ஆசிரியருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது.