வெளியேற வேண்டியவர் யார்? குடும்ப வன்முறைச் சட்டங்களில் வசிப்பிட உரிமையின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

குடும்ப வன்முறைக்கு எதிரான இந்தியச் சட்டங்களின் வரலாறு பெரும்பாலும் தண்டனையின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. இக்கட்டுரை அதனை வீட்டின் வரலாறாக வாசிக்கிறது. அடிபட்ட மனைவி வீட்டைவிட்டு வெளியேறுவதையே சட்டம் நெடுங்காலம் பாதுகாப்பாகக் கருதியது. 2005இல்தான் அத்திசை மாறியது. அம்மாற்றமும் அதன் தடைகளும் இங்கு ஆராயப்படுகின்றன.

கருச்சொற்கள்: குடும்ப வன்முறை, வசிப்பிட உரிமை, பிறந்த வீடு, புகுந்த வீடு, பாதுகாப்பு அலுவலர்

வீட்டால் பெயர் பெற்றவள்

மனை என்பதிலிருந்து மனைவி. இல் என்பதிலிருந்து இல்லாள். தமிழில் மணமான பெண்ணைக் குறிக்கும் சொற்கள் பலவும் வீட்டிலிருந்தே பிறந்தவை. இல்லாள் என்பதற்கு நேரான ஆண்பாற்சொல்லாகத் தோன்றும் 'இல்லான்' வீட்டுக்காரனைக் குறிப்பதில்லை, பொருளற்றவனைக் குறிக்கிறது. மொழி இவ்வாறு வீட்டோடு பிணைத்த பெண்ணுக்கு வழக்காறு இரண்டு வீடுகளைச் சொல்கிறது: ஒன்று பிறந்த வீடு, மற்றொன்று புகுந்த வீடு. இவ்விரண்டுள் எதில் இருக்க அவளுக்குச் சட்டப்படியான உரிமை இருந்தது என்னும் வினாவை வரலாற்றிடம் எழுப்பினால் கிடைக்கும் விடை ஏமாற்றமளிப்பதே. கணவனைப் பிரிந்து பிறந்த வீடு திரும்பியவளுக்கு 'வாழாவெட்டி' என்று பெயரிட்ட சமூகத்தில், வன்முறையிலிருந்து தப்புவது என்பது முதலில் கூரை பற்றிய சிக்கலாகவே இருந்தது.

பிரிந்து வாழும் உரிமை

காலனிய ஆட்சிக்காலத்தில் மனைவி கணவனோடு வசிக்க வேண்டும் என்பதை நீதிமன்றம் ஆணையிட முடிந்தது. பம்பாயில் ருக்மாபாய் மீது 1884இல் தொடரப்பட்ட வழக்கு இதற்கு நன்கறியப்பட்ட சான்று. சிறுவயதில் மணம் செய்துவைக்கப்பட்ட அவர் கணவனுடன் வாழ மறுத்தார். 1887இல் நீதிமன்றம், கணவன் வீட்டுக்குச் செல்ல வேண்டும் அல்லது ஆறு மாதச் சிறையை ஏற்க வேண்டும் என ஆணையிட்டது. அவ்வழக்கின் மையம் குழந்தை மணமே. எனினும், மனைவி எங்கு வசிக்க வேண்டும் என்பதில் அவளது விருப்பத்துக்கு இடமில்லை என்னும் சட்டப் பார்வையை அது தெளிவாகக் காட்டுகிறது.

சென்னையில் இக்காலத்தை அடுத்துத் தோன்றிய புகலிடங்களின் தொடக்க நோக்கங்களும் கவனிக்கத்தக்கவை. சகோதரி சுப்புலட்சுமி 1912இல் எழும்பூரில் தொடங்கிய இல்லம் இளம் கைம்பெண்களுக்கானது. முத்துலட்சுமி ரெட்டி 1930இல் நிறுவிய அவ்வை இல்லம் தேவதாசி மரபிலிருந்து விடுபட்ட சிறுமியரையும் ஆதரவற்ற பெண்களையும் ஏற்றது. இவ்விருவரின் பணி பெரிது. ஆயினும், கணவன் உயிரோடிருக்கும் பெண்ணை 'ஆதரவற்றவள்' எனக் கருதும் வகைமை அன்றைய சீர்திருத்தச் சிந்தனையில் வலுப்பெறவில்லை என்றே தோன்றுகிறது. கணவனே அவளுக்கு ஆதரவு என்பது ஐயத்துக்கு அப்பாற்பட்ட கருத்தாக இருந்தது.

இந்து மணமான பெண்கள் தனி வசிப்பிடமும் ஜீவனாம்சமும் பெறுவதற்கான 1946ஆம் ஆண்டுச் சட்டம் இந்நிலையில் ஒரு திருப்பம். கணவனுடன் வாழ்வது ஆபத்தாகும் அளவுக்குக் கொடுமை இருப்பின், பிரிந்து வாழ்ந்தபடியே மனைவி ஜீவனாம்சம் கோரலாம் என அது ஏற்றது. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் இதனைத் தன்னுள் வாங்கிக்கொண்டது. ஆனால் அளிக்கப்பட்டது வெளியேறும் உரிமை மட்டுமே. வீடு அடித்தவனிடமே இருந்தது. வெளியேறியவளுக்குக் கிடைக்கக்கூடிய தொகையும் சொற்பம்: குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் கீழ் மாத ஜீவனாம்சத்துக்கு 1955இல் விதிக்கப்பட்ட 500 ரூபாய் உச்சவரம்பு, நடுவண் சட்டத்தில் 2001 வரை அப்படியே நீடித்தது. அத்தொகைக்கு வாடகை வீடு கிடைத்த காலம் எப்போதோ கடந்துவிட்டிருந்தது.

தண்டனையும் சமரசமும்

1983இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 498அ பிரிவு சேர்க்கப்பட்டதன்வழி, கணவனோ அவனுடைய உறவினரோ மனைவிக்கு இழைக்கும் கொடுமை தனிக் குற்றமாயிற்று. மூன்றாண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்க அது இடமளித்தது. 2024 ஜூலை 1 முதல் இக்குற்றம் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86 பிரிவுகளில் இடம்பெறுகிறது. 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழகத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. பெண்கள் தயக்கமின்றிப் புகார் சொல்ல ஓரிடம் கிடைத்தது என்பதில் ஐயமில்லை.

எனினும் புகார் கொடுத்த அன்றிரவு அவள் எங்கே தங்குவாள்? கைதாகும் கணவன் பிணையில் திரும்புவது அதே வீட்டுக்குத்தான். குற்றவியல் சட்டத்திடம் இதற்கு விடை இல்லாததால், காவல் நிலைய மேசையில் சமரசமே எளிய வழியாயிற்று. 'அடிக்கிற கைதான் அணைக்கும்' என்ற பழமொழி அறிவுரையாக மாறும் இடம் அது. அங்கு அமர்ந்திருக்கும் காவலரின் மனப்பாங்கை மட்டும் குறை சொல்வது போதாது. திருப்பி அனுப்புவதற்கு அந்த ஒரு வீட்டைத் தவிர வேறு முகவரியைச் சட்டம் அவருக்குத் தரவில்லை.

2005 செப்டம்பர்

2002இல் மக்களவையில் முன்வைக்கப்பட்ட முதல் மசோதா, வன்முறை 'வழக்கமாக' நிகழ்ந்தால்தான் அதைக் கணக்கில் கொண்டது. தன் சொத்தைக் காக்கச் செய்த செயல் என்று சொல்லித் தப்பவும் வழிவிட்டது. வசிப்பிடத்தைத் தனி உரிமையாக அது அறிவிக்கவில்லை. மகளிர் அமைப்புகளும், மாற்று வரைவை உருவாக்கிய லாயர்ஸ் கலெக்டிவ் அமைப்பும் இதனைக் கடுமையாக எதிர்த்தன. மக்களவை கலைந்ததும் அம்மசோதா காலாவதியானது. 2005 செப்டம்பர் 13 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்ற குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் முற்றிலும் வேறு அடித்தளத்தில் அமைந்தது. பகிர்ந்து வாழ்ந்த இல்லத்தில் தனக்குச் சொத்துரிமை இல்லாவிடினும் அங்கு வசிக்கும் உரிமை பெண்ணுக்கு உண்டு என்கிறது 17ஆம் பிரிவு. 19ஆம் பிரிவின்படி, எதிர்மனுதாரரான ஆணை வீட்டைவிட்டு வெளியேறுமாறு நடுவர் ஆணையிடலாம். வெளியேற வேண்டியவர் யார் என்ற வினாவுக்குச் சட்டம் முதன்முறையாக வேறு விடை சொன்னது.

இதற்கு நான்கு நாள்கள் முன்பு, செப்டம்பர் 9 அன்று, இந்து வாரிசுரிமைத் திருத்தம் நடைமுறைக்கு வந்திருந்தது. குடியிருப்பு வீட்டில் பாகம் கேட்கப் பெண் வாரிசுகளுக்கு இருந்த தடையை, அதாவது 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவை, அது நீக்கியது. அப்பிரிவின்படி, தந்தை விட்டுச்சென்ற வீட்டில் மணமான மகள் வசிக்க வேண்டுமானால் அவள் கைவிடப்பட்டோ பிரிந்தோ கணவனை இழந்தோ இருக்க வேண்டும். தமிழகம் 1989 மார்ச் 25 முதல் மகள்களைக் கூட்டுக்குடும்பச் சொத்தின் பங்காளிகளாக்கி முன்னோடியாயிற்று. ஆனால் அந்நாளுக்கு முன் மணமானவர்களை விலக்கிவிட்டது. புகுந்த வீட்டில் அடிபட்டுக்கொண்டிருந்தவர்கள் இவ்வாறு விலக்கப்பட்டோருள்ளும் இருந்திருப்பர். ஒரே மாதத்தில் இரு வீடுகளின் கதவுகளும் திறந்ததை இரு வேறு சட்டத்துறைகளின் செய்திகளாகவே ஆய்வுகள் பிரித்துப் பேசுகின்றன. அடைக்கலம் தேடும் பெண்ணின் பார்வையில் அவை ஒரே செய்தி.

பதினான்கு ஆண்டுகள்

குடும்ப வன்முறைச் சட்டம் 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்தது. இரண்டு மாதங்கள் முடிவதற்குள், டிசம்பர் 15 அன்று, மாமியார் பெயரில் உள்ள வீடு 'பகிர்ந்து வாழ்ந்த இல்லம்' ஆகாது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கணவனுக்குச் சொந்தமானதோ, அவன் வாடகைக்கு எடுத்ததோ, அவன் உறுப்பினராக உள்ள கூட்டுக்குடும்பத்துக்கு உரியதோதான் அவ்வாறு கொள்ளப்படும் என்றது. வீடு பெற்றோர் பெயரில் இருப்பதும் மகன்கள் மணமான பின்னும் அங்கேயே வாழ்வதும் இயல்பான சமூகத்தில் இவ்விளக்கம் சட்டத்தின் நடுப்பகுதியையே பெயர்த்தெடுத்தது. மூன்று நீதிபதிகள் அமர்வு 2020 அக்டோபர் 15 அன்றுதான் அத்தீர்ப்பு சரியான சட்டமன்று என அறிவித்தது. முதிய மாமனார், மாமியாரின் அமைதியான வாழ்வையும் எடைபோட வேண்டும் என்று அதே தீர்ப்பு கூறியிருப்பது நியாயமே. அவ்வாண்டு டிசம்பரில் வந்த வேறொரு தீர்ப்பு, மூத்த குடிமக்கள் சட்டத்தைக் கருவியாக்கி மருமகளின் வசிப்பிட உரிமையை முறியடிக்க இயலாது எனத் தெளிவுபடுத்தியது. இடைப்பட்ட ஏறத்தாழ பதினான்கு ஆண்டுகளில் கீழமை நீதிமன்றங்களில் மறுக்கப்பட்ட வசிப்பிட மனுக்களைத் தமிழக மாவட்ட அளவில் தொகுப்பது செய்யத்தக்க ஆய்வு.

ஐந்து இரவுகளும் அறுபது நாள்களும்

சட்டத்தின் 4ஆம் பிரிவு அதிகம் பேசப்படுவதில்லை. வன்முறை நடப்பதாக நம்ப இடமிருந்தால் பாதிக்கப்பட்டவரேயன்றி வேறு எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்துடன் தந்தவர் மீது வழக்கு வாராது. மாணவியின் காயத்தைக் கண்ட பேராசிரியரும் இதில் அடங்குவார். தமிழகத்தில் பாதுகாப்பு அலுவலர்கள் சமூக நலத்துறையின்கீழ் இயங்குகின்றனர்; 181 என்னும் மகளிர் உதவி எண் 2018 டிசம்பரில் தொடங்கப்பட்டது. 2015இல் தொடங்கிய ஒருங்கிணைந்த சேவை மையத் திட்டம் மருத்துவம், சட்ட உதவி, ஆற்றுப்படுத்தல் ஆகியவற்றை ஒரே கூரையின்கீழ் வழங்குகிறது.

அம்மையத்தில் தற்காலிகமாகத் தங்க அத்திட்டம் வகுத்த காலம் ஐந்து நாள்கள். நடுவர் மனுவை முடிவு செய்ய முயல வேண்டிய காலம், சட்டப்படி, முதல் விசாரணையிலிருந்து 60 நாள்கள். இடைக்கால ஆணை பெறவும், நீண்டநாள் தங்கும் விடுதிக்குப் பரிந்துரை பெறவும் வழி உண்டு. அவை கிட்டாதவளின் கணக்கு வேறு. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019–21), உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி நாடியோர் 14 விழுக்காட்டினர் மட்டுமே. அவர்களும் காவல் நிலையத்தையோ சமூக நல அலுவலகத்தையோ நாடுவது அரிது. பெரும்பாலும் சென்று நின்றது பிறந்த வீட்டின் வாசலில்தான்.