பாட்டுக்குப் பின்னால் - 17: இசபெல்லாவுக்கு உயிர் கொடுத்தவர்கள்

1992ஆம் ஆண்டு. மலேசியத் தகவல் அமைச்சர் முகமட் ரஹ்மாட் கையில் கத்தரிக்கோல். எதிரே செர்ச் ராக் குழுவினர். சுற்றிலும் கேமராக்கள். நீளமுடிக்காரர்களுக்கு அரசுத் தொலைக்காட்சியான ஆர்.டி.எம்.மில் இடமில்லை என்பது உத்தரவு. முகம் காட்ட வேண்டுமானால் முடியை இழக்க வேண்டும்.

பாட்டுக்காரர்களின் தலைமுடியில் அமைச்சரே கை வைக்கும் அளவுக்கு இந்தக் குழு புகழ் பெற்றது எப்படி? மூன்று ஆண்டுகள் பின்னே போக வேண்டும்.

1989இல் வெளிவந்தது செர்ச்சின் 'ஃபெனோமெனா' ஆல்பம். அதிலிருந்த 'இசபெல்லா' பாட்டு காஜாங், கிள்ளான் என்று ஊர் பார்க்காமல் பரவியது. கடல் தாண்டி இந்தோனேசியாவையும் பிடித்தது. பெயர் முழுக்கப் பாடகர் ஏமிக்குப் போனது. போகட்டும், அவர் குரல் அப்படி. மெல்லத் தொடங்கி, உச்சியில் ஏறி, தொண்டை கிழியும் இடத்திலும் சுருதி பிசகாத குரல்.

ஆனால் அந்தக் குரலுக்கு அடியில் பலர் தோள் கொடுத்தார்கள்.

1981இல் ஜொகூர் பாருவில் தொடங்கிய குழு இது. 1985இல் வந்த முதல் ஆல்பத்தில் கிதார் வாசித்தவர் ஹில்லரி ஆங் என்ற சீனர். பேஸ் கிதாரில் நசீர், டிரம்ஸில் யாசிட். மலாய் ராக் என்றாலும், அதை வாசித்தவர்கள் ஓரினத்தார் மட்டும் அல்லர்.

'இசபெல்லா'வை எழுதியவர் பாப் லோக்மான். நகைச்சுவை நடிகராகவும் அறியப்பட்டவர். நாயகியின் பெயர் மௌலானா முகமது சயீத் தெஹ்லவியின் நாவலில் இருந்து வந்தது. அதில் அவள் ஸ்பெயின் நாட்டுப் பாதிரியாரின் மகள். பாட்டிலோ, வழக்கம் வேறு என்பதால் பிரிந்துபோன காதலி. முஸ்லிமை மணக்க மதம் மாறியே ஆக வேண்டிய இந்த நாட்டில், அந்தத் துயரத்துக்குத் தமிழ் வீடுகளில் விளக்கவுரை தேவைப்படவில்லை.

'ஃபெனோமெனா' ஆல்பத்தைத் தயாரித்தவர் எம். நசீர் (பேஸ் வாசித்த நசீர் வேறு), சிங்கப்பூரில் பிறந்தவர், ஓவியமும் தெரிந்தவர். இரைச்சலுக்குள் மெட்டைத் தொலைக்காமல் காப்பது அவர் கைவேலை. 1990இல் 'இசபெல்லா' சினிமாவும் ஆனது; கதாநாயகன் ஏமியேதான்.

இதே எம். நசீர், பினாங்குத் தமிழர்களான லோகநாதன், டேவிட் ஆறுமுகம் சகோதரர்களின் அலிகேட்ஸ் குழுவுக்கும் மெட்டமைத்தவர். மலாய் மேடையை ஆண்ட அந்தத் தமிழ்க் குரல்களின் கதை அடுத்த வாரம்.